தென்னங்கன்றுக்கு வெட்டிய குழி

எழுபதுகளின் பிற்பகுதியில் எனக்கென்று ஓர் ஊர் கிடையாது. சேலம் ஜில்லாவில் எந்தத் துணைச் சுகாதார நிலையத்து நர்ஸாவது நீண்ட விடுப்பில் போனால் அந்த இடத்துக்கு என்னை அனுப்புவார்கள். அவர் திரும்பியதும் நான் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். கல்யாணமாகாத ஆத்தூர்க்காரி, எங்கே போகச் சொன்னாலும் போவாள் என்று ஆபீசில் பெயர் எடுத்திருந்தேன்.

ஒரு தகரப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு ஜமக்காளம், இவ்வளவுதான் என் குடித்தனம். புது ஊரில் இறங்கியதும் வாடகை அறையின் தாழ்ப்பாளைத்தான் முதலில் ஆட்டிப் பார்ப்பேன். தாழ்ப்பாள் கெட்டியாக இருந்து, வீட்டில் பெண்களும் இருந்துவிட்டால் எனக்குப் போதும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பேன். ஊர்ச் சண்டையில் யார் பக்கமும் பேச மாட்டேன். இப்படி இருந்தால் எந்த ஊரிலும் நன்றாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தேன்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ஊரின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கே எனக்குக் கிடைத்த அறைதான் அதுவரை கிடைத்ததிலேயே நல்லது. தோட்டத்து வீட்டின் பக்கவாட்டில் தனி வாசல் வைத்த அறை. சுற்றிலும் மஞ்சள் காடு, அதைத் தாண்டி மரவள்ளி. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிய நர்ஸ், பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லா பாத்துக்குவாங்க. ஒரு குறையும் இருக்காது. பிரசவத்துக்குக் கூப்பிட்டா போங்க. கூப்பிடலைன்னா போகாதீங்க."

ஏன் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். விதவை. பண்ணையம் முழுவதும் அவர் கையில்தான். மகன் சொந்த லாரியில் வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். மருமகளும் இரண்டு சின்னப் பேத்திகளும் வீட்டில் இருந்தார்கள். அந்த அம்மா என்னைத் தாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் களைத்து வந்தால் மோர் தயாராக இருக்கும். காய்ச்சலில் படுத்தபோது கஞ்சியை ஆற்றி ஊட்டிவிட்டார். "ஏனுங்க சாமி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க? உங்க அம்மா பாத்தா என்னயத்தான வைவாங்க?" என்பார். பேத்திகளையும் அப்படித்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, மடியில் போட்டுத் துவட்டுவார்.

தடுப்பூசி போட வீடு வீடாகப் போனபோதுதான் எனக்கு முதலில் ஏதோ உறுத்தியது. பல வீடுகளில் தலைப்பிள்ளை பெண்ணாக இருந்தது. சில வீடுகளில் இரண்டாவதும் பெண். அதற்குமேல் கைக்குழந்தையாக இருந்ததெல்லாம் ஆண். "நடுவுல ஒண்ணு பொறந்ததாமே?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

"அது தங்கலீங்க."

"என்ன ஆச்சு?"

"தங்கலீங்க. மூணாம் நாளு வலிப்பு வந்துருச்சுங்க."

எல்லா வீட்டிலும் அதே வார்த்தை, அதே குரல். எங்கள் ஆத்தூர்ப் பக்கம் குழந்தை செத்துப்போனால் செத்துப்போச்சு என்று அழுவார்கள். இங்கே அழுகையைக் காணோம். தொப்புள் புண் வழியாக வரும் ரணஜன்னியாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஊசி போடும் வேலையைப் பார்த்தேன்.

வீட்டு மருமகள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். பரிசோதிக்கும்போது கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். ஒருநாள், மாமியார் களத்தில் மஞ்சள் வேக வைக்கப் போயிருந்த நேரம், திடீரென்று கேட்டாள்.

"நர்சம்மா, நீங்க எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"பங்குனி வரைக்கும் இருப்பேன். ஏன்?"

"எனக்கு அதுக்குள்ள ஆயிருமுங்களா?"

"ஆயிடும். பயப்படாதே, நானே பார்க்கிறேன்."

"பெத்துக்கறதுக்கு எனக்குப் பயமில்லீங்க" என்றாள்.

அடுத்த வாரம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பண்ணையாள் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "தென்னம்புள்ள ஒண்ணு வெக்கலாம்னுங்க சாமி."

நாட்கள் போயின. கன்று வரவில்லை. குழியின் மேல் கீற்றுத் தட்டி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மாடுகள் அந்தப் பக்கம் போகாதபடி முள்ளும் வெட்டிப் போட்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி ஏற்கெனவே ஒரு தென்னங்கன்று, என் இடுப்புயரத்துக்கு, செழித்து நின்றது.

மருமகளிடம் கேட்டேன். அவள் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிவதை நிறுத்தவில்லை.

"போன தடவையும் வெட்டுனாங்க. அது மூணாவதுங்க. காலைல பொறந்துச்சு. நான் பால் குடுக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் கன்னு வெச்சாங்க."

"உன் புருஷன் ஒண்ணும் கேக்கலையா?"

"அவரு வந்தப்ப கன்னு எலை விட்டுருச்சுங்க" என்றாள்.

அன்று எனக்கு வந்த மோரைக் குடிக்க முடியவில்லை. வாசலில் கொட்டினால் தெரிந்துவிடும் என்று டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாரம்மா சாட்சி சொல்லுவா? நீ அந்த வீட்டிலேயே குடியிருக்கே. ஜாக்கிரதை" என்றார். அவர் ஜாக்கிரதை என்று சொன்னபிறகுதான் என் அறைத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கும் என்னைக் காக்க மட்டும்தான், மருமகளின் பிள்ளையைக் காக்க உதவாது என்பது எனக்கு உறைத்தது.

அடுத்த விடுமுறைக்கு, சேலத்துக்குத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டையாம்பட்டிக்கு பஸ் ஏறினேன். மருமகளின் அண்ணன் அங்கே தறி போட்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, தறிச் சத்தத்தின் நடுவே அவர் முகம் வெளிறியது.

"கட்டிக் குடுத்த ஊட்டு விசயத்துல நான் எப்படிங்க தலையிடறது?" என்றார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "நீங்க போகலீன்னா நான் போயி தூக்கிட்டு வாரேன்" என்றாள் கணவரிடம். எதையும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் எழுந்து தறியை நிறுத்தினார்.

ஊருக்குத் திரும்பி அந்த அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். குழந்தை குறுக்கே கிடக்கிறது, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும், இங்கே பார்த்தால் தாய்க்கே ஆபத்து என்றேன். அவர் மருமகளைக் கூப்பிட்டார். படுக்க வைத்து, வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள். தலை கீழே சரியாக இறங்கியிருந்தது. அது எனக்குத் தெரியும். அந்தக் கைகளுக்கும் தெரிந்துவிட்டது.

முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். "படிச்சவங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க சாமி" என்றார். குரலில் கோபமே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மாமியார் வார்டை விட்டு நகரவே இல்லை. குழந்தைக்குத் துணி மாற்றினார், நெற்றியில் மை வைத்தார். பக்கத்துக் கட்டில் பெண்கள், இப்படி ஒரு மாமியார் கிடைக்க வேண்டுமே என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அண்ணன் வாடகைக் காரோடு வந்து நின்றார். தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றார். அத்தனை பேர் நடுவில் மாமியாரால் மறுக்க முடியவில்லை. கார் போனபிறகு நானும் அவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் ஊர் திரும்பினோம். இறங்கும்போது, "பாத்து எறங்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளும் மோர் வந்தது. அதற்கு மறுநாளும். வேறு அறைக்குப் போகலாம் என்றால் ஊரில் யாரும் இடம் தரவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் போனால் பேச்சை நிறுத்தினார்கள். தடுப்பூசிக்குப் போன வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. என்னோடு பேசிய ஒரே ஆள் அந்த அம்மாதான்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, களத்தில் மஞ்சளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தானாகவே சொன்னார்.

"எனக்கும் ரெண்டு போச்சுங்க சாமி. என்ற மாமியா பண்ணுனா. அப்ப எந்த நர்சம்மாளும் இந்த ஊருக்கு வரல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கைகள் மஞ்சளைப் புரட்டிக்கொண்டே இருந்தன. வந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவ அங்கயே இருந்துருவாளா? புருசன் ஊட்டுக்கு வந்துதான ஆகோணும்."

அவர் சொன்னபடியே நடந்தது. சில மாதம் கழித்து லாரியிலிருந்து இறங்கிய மகன் நேராக மச்சான் வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டி வந்துவிட்டான். குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நான் அப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில் வேறொருவர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு முறை ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். குழந்தை தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நல்ல எடை, நல்ல நிறம். அத்தையை அம்மா என்று கூப்பிட்டது. அண்ணன் காபி கொடுத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"தங்கச்சி மறுபடியும் முழுகாம இருக்குதுங்க. இது ஒம்பதாம் மாசம். அங்க இப்ப யாருங்க நர்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஆபீசில் போய், அந்த ஊருக்கே என்னைத் திரும்ப அனுப்பும்படி கேட்டேன். அந்த இடம் காலியாக இல்லை என்றார்கள். அடுத்த சில வாரங்கள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அண்ணனிடமிருந்தே ஆள் வந்தது. பிரசவம் முடிந்துவிட்டது, ஆண் குழந்தை.

"அப்பாடா" என்று என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. வந்த ஆள் சிரித்துக்கொண்டே சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் போனபிறகுதான், ஆண் என்று கேட்டதும் நான் எதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.