வெயில் உடைக்கிற ஆவி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மார்த்தாண்டத்தில் மூன்று சலவைக் கடை எனக்குச் சொந்தம், ஒருத்தன் தயவும் இல்லாமல் உண்டாக்கியது. சுனாமிக்கு அடுத்த வருஷம் வீட்டுக்கு முன்னாலேயே டிரைகிளீனிங் மெஷின் இறக்க ஏற்பாடு செய்தேன். வேலை கேட்டு ஒருவர் வந்தார்.

வளைகுடாவில் அதே மெஷின் ஓட்டியவர். அதில் தண்ணீருக்குப் பதில் ஊற்றும் குளோரின் கலந்த திரவம் பட்டுக் கைத்தோல் வெள்ளையாய் உரிந்திருந்தது. பேச்சுக்கு நடுவே விரல்களை மோந்து பார்த்துக்கொள்வார்.

“மொதலாளி, பிள்ளைகளு பட்டினி கெடக்கு. என்னையச் சேத்துக்கிடணும்,” என்று கும்பிட்டார்.

“சேக்கலாம்வே. அந்தத் திரவத்துக்க ஆவி வெளிய போனா என்னாவும்? பேரப்பிள்ளைக வெளையாடுத எடம்.”

“வெயிலும் காத்தும் சேந்து உடைச்சிரும்.”

“உடனேயா?”

அவர் தரையைப் பார்த்தார்.

“இல்ல மொதலாளி. மாசக்கணக்குல ஆவும். உடையும்போ விஷவாயுவும் அமிலமும் வரும். கடைசியில மழையில எறங்கும்.”

“அப்போ மெஷினும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.”

கும்பிட்ட கையை இறக்காமலே படியிறங்கிப் போனார்.

‘உடனேயா’ என்றதற்கு ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பேன், எனக்கென்ன தெரியும்? வீட்டில் பிள்ளைகள் பசித்துக் கிடக்க, அந்த மனுசனுக்கு அதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.