டி.பி.ன்னே எழுதுங்க

ஏலக்காட்டில் மருந்தடிக்கும் மாதங்களில் உடும்பஞ்சோலைப் பக்கம் யார் இருமினாலும் பழி பூச்சிமருந்தின் மேல்தான். நானும் அப்படியே நினைத்தேன். இரண்டு வாரம் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் லயமாக ஏறிச் சொல்லும் சுகாதாரச் செவிலி நான். என் இருமலுக்கு ஐந்து வாரம் சிரப் குடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

சளியில் இரத்தம் கண்ட பிறகே சோதனைக்குக் கொடுத்தேன். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித்தொற்று).

"ஆறு மாசம் மாத்திரை, சிஸ்டரே. குணமாகும்," என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மஞ்சக்காமாலைன்னு சொல்லி லீவு எடுத்துக்கோங்க. இல்லாட்டி ஆளுங்க உங்கள வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது வெட்கப்படும் நோயில்லை என்று பதினோரு வருடமாக அடுத்தவருக்குச் சொன்ன வாய், தனக்கு வந்ததும் பொய் பேசுவதா?

"டி.பி.ன்னே எழுதுங்க சார்," என்றேன்.

ரிஃபாம்பிசின் (சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மாத்திரை) முதல் நாளே திடுக்கிட வைத்தது. இதைச் சாப்பிட நேர்ந்தால் உங்களுக்கும் அப்படித்தான் போகும். பயப்படாதீர்கள், அது இரத்தமில்லை. வாந்தியும் மூட்டுவலியும் கூடவே வந்தன. மாத்திரையை மட்டும் விடவில்லை.

டாக்டர் அனுமதித்ததும் வேலைக்குத் திரும்பினேன். முதல் லயத்திலேயே சொல்லிவிட்டேன்: எனக்கு டி.பி., மருந்து சாப்பிடுகிறேன், இனி என்னிடமிருந்து பரவாது. வழக்கமாக வரும் காப்பி அன்று வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு வீடுகளில் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அழுகை வந்தது. சாத்திய கதவுக்கு வெளியே நின்றே தடுப்பூசித் தேதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். கதவைச் சாத்தினால் காதும் அடைத்துவிடுமா என்ன?

ஆறு மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. உடம்புதான் பழையதில்லை. மேட்டு லயத்துக்கு ஒரே மூச்சில் ஏறியவள், இப்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறேன். முன்பு கடிகாரத்தைப் பார்த்து நடப்பேன். இப்போது மூச்சு எப்போது சொல்கிறதோ அப்போது.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது காய் பறிக்கும் செல்வி வந்தாள். கதவைச் சாத்தியவர்களில் ஒருத்தி. பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு ஒரு மாசமா இருமுறாரு. ஆசுபத்திரிக்கு வரமாட்டேங்குறாரு. உங்கள மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"என்னை மட்டும் எதுக்கு?"

"உங்களுக்கும் வந்ததுதானக்கா. நீங்க மறைக்கலியே."

எனக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. பையில் சளி டப்பா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்தேன்.