உப்பு வரட்டி

மலாயாவில், கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் பாதிப் பேர் மாடு வளர்த்தார்கள். என் வீட்டுக்காரர் கிளாரன்ஸ் மட்டும், யாரும் வளர்க்காத மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கினார். அதனால் எங்கள் தொழிலாளர் லயத்தில் அவருக்கு 'மாட்டுக் கிராணி' என்று பெயர்; தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரைத்தான் கிராணி என்போம். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவர் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு வனவிலங்கு இலாகாவில் காவலர் வேலை. அதுவும் தற்காலிகம்தான், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போ என்று சொல்லலாம். பத்தாங் பெர்சுந்தையிலிருந்து உள்ளே வந்தால், எங்கள் ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் பெருங்காடு தொடங்கும். அங்கே செலாடாங் கூட்டம் ஒன்று இருந்தது. காட்டு மாடு. ஆள் உயரத்துக்குக் கருத்த உடம்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். அவற்றை யாரும் சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் அவற்றுக்கு உப்புப் போட வேண்டும். மாட்டுக்கு உப்பு இல்லாமல் முடியாது. அங்கே கிடைத்தால் அங்கேயே நிற்கும், கிடைக்காவிட்டால் மனிதர் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். அந்த வெட்டவெளியை அவர் உப்புக் களம் என்பார்.

என் மாமனார் ஹியூபர்ட் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர். மகனையும் டிரெசராக்க ஆசைப்பட்டவர். "மனுசனுக்கு மருந்து குடுக்க ஆளில்ல, இவன் மாட்டுக்கு உப்பு குடுக்கப் போறான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்த எனக்கும் முதலில் வெட்கம்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போய், மரத்தில் கட்டியிருந்த பரணில் ஏற்றிவிட்டார். மாடுகள் வந்தன. நான் மாடுகளைப் பார்த்ததைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்துபோய் அம்மாவைக் கண்ட பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம். இந்த ஆளை வேறு வேலைக்கு மாற்ற முடியாது என்று அன்றே விட்டுவிட்டேன்.

பிறகு அவசரகாலம் வந்தது. ஐம்பத்திரண்டில் எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டிலிருந்து சண்டைபோட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாதாம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும்விடப் போலீசுக்கு உப்பின் மேல்தான் கண். காட்டில் மரவள்ளி நடலாம், மீன் பிடிக்கலாம். உப்புக்கு எங்கே போவார்கள்? வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்துதான் எங்களுக்கே கொடுத்தார்கள். மாட்டுக்கு உப்பு அடியோடு நின்றது.

கொஞ்ச நாளில் மாடுகள் இறங்கி வந்தன. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக் கொட்டகைச் சாம்பலை நக்கின, லயத்துக் கால்வாய் ஓரம் மண்ணை நக்கின. வேலிக் காவலுக்கு இருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களோ இலை அசைந்தாலே சுடுகிற பயத்தில் இருந்தார்கள். ஒருநாள் காலையில் சினைமாடு ஒன்று கால்வாயில் செத்துக் கிடந்தது. கிளாரன்ஸ் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அதற்கப்புறம் மனிதர் கோலா சிலாங்கூருக்கு பஸ் ஏறி, டி.ஓ. என்ற மாவட்ட அதிகாரியின் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தார். கடைசியில் அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. மனிதர் வாயில் வைக்க முடியாதபடி உப்பைக் கெடுத்துத்தான் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். என்ன கலப்பது? சாணியும் களிமண்ணும் என்று இவர் சொன்னார். எதில் கலந்தாலும் மாடு நக்கும், மனிதன் தொடமாட்டான்.

பக்கத்து லயத்து வேலம்மா தன் பசுக்களின் சாணியைத் தந்தாள். கேட்டில், கான்ஸ்டபிள் அர்ஜுனன் முன்னால் உப்பைக் கொட்டிக் கலக்க வேண்டும். வரட்டி தட்டுவது என் வேலை. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, முழங்கை வரைக்கும் சாணி. "என்னா டீச்சர், பாடம் நடத்துறீங்களா?" என்று அர்ஜுனன் கேட்டபோது அவன் முகத்திலேயே ஒன்று தட்டலாமா என்றிருந்தது.

போலீஸ் துரை ஒருவர் வந்து பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, மலாயில் கிளாரன்சிடம் சொன்னார்: "இதில் ஒரு கல் உப்பு காட்டில் உள்ளவன் கைக்குப் போனது தெரிந்தால், உன்னை உள்ளே போட்டு அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவேன்." கிளாரன்ஸ் இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து கேட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே பாடத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் வேலை பலித்தது. மாடுகள் மலைப்பக்கம் திரும்பிவிட்டன. கன்று ஒன்று போட்டிருக்கிறது என்று வந்து சொன்னபோது இவர் கால் தரையில் படவில்லை.

ஒருநாள் தண்ணிக் குழாயடியில் வேலம்மா என் காதோடு சொன்னாள்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த வரட்டியத் தண்ணியில ஊறப் போட்டு, தெளிஞ்ச தண்ணிய வடிகட்டிக் காய்ச்சினா உப்பு வந்துடும்லா. இது யாருக்கும் தோணலியா?"

குடம் நிரம்புமுன்னே தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டில் உடைந்த வரட்டி ஒன்று கிடந்தது. அதைக் கரைத்து, வேட்டித் துணியில் இரண்டு மூன்று முறை வடிகட்டி, அடுப்பில் வைத்தேன். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நல்ல உப்பு. கிளாரன்ஸ் வந்ததும் சட்டியை அவர் முன்னால் வைத்தேன். அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுநாள் களத்துக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தார்.

"மாடு நக்கினா மிச்சம் கெடக்கும் டொரீன். ஒண்ணுகூட இல்ல. சுத்தமா எடுத்துட்டுப் போயிருக்கானுங்க. காட்டுல உள்ளவனுங்க போடற கித்தான் சப்பாத்துத் தடம் இருக்கு."

"போலீசுக்குப் போயிச் சொல்லுங்க."

"சொன்னா களத்த மூடிடுவாங்க. மாடு மறுபடி எறங்கும். மறுபடி சுடுவாங்க."

"சொல்லலன்னா ஒங்களக் கொண்டுபோயிடுவாங்க! எனக்கு மாடு பெருசா, நீங்க பெருசா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று பிறகுதான் வாயைப் பொத்தினேன். அவர் ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாமல், நான் பிள்ளைகளுக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்.

வந்தார். வெளுத்துப் போயிருந்தார்.

துரை கோபப்படவில்லையாம். சந்தோஷத்தில் குதித்தாராம். 'பாகுஸ்! பாகுஸ்!', பலே பலே என்று முதுகில் தட்டினாராம். களத்தை மூட வேண்டாம். வழக்கம்போல வரட்டி போடு, தனியாகவே போ, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. அடுத்த வாரம் சிப்பாய்களைக் கொண்டுவந்து களத்தைச் சுற்றிப் பதுங்க வைக்கிறேன், உப்பு எடுக்க வருகிறவன் திரும்பிப் போகமாட்டான். வழி காட்ட நீயும் கூட வர வேண்டும் என்றாராம்.

"மாடு வந்தா என்னா செய்வீங்கன்னு கேட்டேன். இருட்டுல அசையறது எதுவா இருந்தாலும் சுடுவாங்களாம். மாடு செத்தா கறியாச்சுன்னு சிரிக்கிறாரு."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு எல்லாம் குப்பைதான். களத்துக்கு எட்டத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறொரு வெளி இருக்கிறது, அங்கே கொஞ்சம் உப்புக் கிடைத்தால் மாடுகள் அக்கரையிலேயே நின்றுவிடும் என்றார் இவர். களத்து வரட்டியில் கை வைத்தால் துரைக்குச் சந்தேகம் வரும், அதனால் எங்கள் பங்கு உப்பை அப்படியே எடுத்து வைத்தோம். சாணி கலக்காத உப்பைக் கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது? அதற்கும் வழி இருந்தது, எல்லாருக்கும் தெரிந்த வழி. சட்டையை உப்புத் தண்ணீரில் ஊற வைத்துக் காயப்போட்டுப் போட்டுக்கொண்டு போய், அங்கே அலசிவிடுவது. கம்யூனிஸ்டுகளுக்கு உப்புக் கடத்தியவர்கள் அப்படித்தான் கடத்தினார்கள். பிடிபட்டவர்கள் சிறையில் இருந்தார்கள். நாங்கள் மாட்டுக்குத்தான் செய்தோம் என்றால் எந்தத் துரை நம்புவான்?

நம்பமாட்டான் என்று தெரிந்தேதான் அவருடைய காக்கிச் சட்டையையும் பனியனையும் வாளியில் முக்கினேன். ஏன் செய்தேன் என்று இப்போது கேட்டால், அந்த மனிதர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இரண்டு தடவை தப்பிப் போனது. மூன்றாவது தடவை அர்ஜுனன் அவர் காலரைத் தொட்டுவிட்டான். பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாண்ணே, சட்டை இம்மாம் வெறப்பா இருக்கு? ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கு?"

கிளாரன்சுக்குப் பொய் வராது. வாயைத் திறந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார். நான் அங்கிருந்தே சத்தம் போட்டேன்.

"கஞ்சி போட்டிருக்கேன்ப்பா! மாட்டப் பாக்கப் போறவருக்குக் கஞ்சி போட்ட சட்டை கேக்குது!"

"அரிசிக்கே வழியக் காணோம், சட்டைக்குக் கஞ்சியா டீச்சர்?"

"மரவள்ளிக் கஞ்சிடா! ஒனக்கும் ஒரு கிளாஸ் வேணுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள், அர்ஜுனனும் சிரித்துவிட்டான். அவன் விரலை வாயில் வைத்துப் பார்த்திருந்தால் எங்கள் கதை அன்றே முடிந்திருக்கும். கிளாரன்ஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் வகுப்புக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்தவர், "அக்கரைக்குப் போயிடுச்சுங்க. கன்னுகூட" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் சிப்பாய்கள் லோரியில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் கூடியிருந்த நேரம், காட்டில் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு நிறையக் கேட்டது. மண்டோர் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எல்லாரும் காட்டையே பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் மாதாவை வேண்டினேன். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டினேன். அப்புறம் அவருடைய மாட்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டினேன். மூன்றாவதாக அங்கே ஒருவன் இருப்பான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

லோரி வெயில் ஏறிய பிறகு கேட்டுக்குள் வந்தது. பின்பக்கம் கிளாரன்ஸ் உட்கார்ந்திருந்தார், முழுசாக. நான் ஓடினேன். "மாடு?" என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சந்தோஷத்தில் நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலடியில் கித்தான் துணிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தேன். சப்பாத்து ஒரு காலில்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு கோணிப்பை, வாய் அவிழ்ந்து, என் விரல் பதிந்த வரட்டிகள்.

துரை இறங்கி வந்து எல்லார் முன்னாலும் கிளாரன்சின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நானே இலாகாவுக்குச் சொல்கிறேன் என்றார். அந்த வார்த்தைக்காக நாங்கள் எத்தனையோ வருஷம் காத்திருந்தோம். "தெரிமா காசே, துவான்" என்று மலாயில் நன்றி சொன்னார் கிளாரன்ஸ். துரை சொன்னபடியே செய்தார். அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். நான் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டிருந்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"சின்னப் பையன் டொரீன். நம்ம ஸ்கூல்ல படிச்சிட்டுப் போன வயசுதான் இருக்கும். குனிஞ்சு ஒவ்வொரு வரட்டியா எடுத்து அடுக்குனான். நான் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன்."

"நீங்க என்னா செஞ்சிருக்க முடியும்?"

"ஒரு தடவ இருமியிருக்கலாம். ஓடியிருப்பான்."

"இருமியிருந்தா அங்கேயே ஒங்களையும் சுட்டிருப்பானுங்க!"

"தெரியும்" என்றார். "மாடு வந்திருந்தா இருமியிருப்பேன்."