சேவியர் கடைந்த டிஸ்க்

தப்பு என் காலில் இருந்தது. பழியைச் சேவியரின் கை மேல் போட்டேன்.

அன்று குமணன்சாவடியில், என் பட்டறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். டாக்சி ஓட்டும் மாணிக்கம். அடுத்த கடையில் பஞ்சர் ஒட்டும் காதர் பாய். மேனாம்பேட்டில் சொந்த லேத் வைத்து பிரேக் டிஸ்க் கடைந்து கொடுத்த சேவியர். அப்புறம் நான், தணிகாசலம். மற்ற மூவருக்கும் உண்மை இன்றுவரை தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஐந்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் பிரேக் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதிப்பேன். இடது சக்கரமா, வலதா, என்ன கோளாறு... உள்ளங்கால் சொல்லிவிடும். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் 'பிரேக்கு தணிகாசலம்' என்று கேட்டால் போதும், கை காட்டுவார்கள். பீற்றிக்கொள்கிறேன் என்கிறீர்களா? ஆமாம், பீற்றிக்கொள்கிறேன். அது நான் சம்பாதித்த பெயர்!

இன்னொரு பெருமையும் இருந்தது. சக்கரத்து நட்டை நான் கையால் இறுக்கியதில்லை. ஸ்பேனரை மாட்டுவேன். அதன் மேல் ஏறி நிற்பேன். ஒரே மிதி. ஒன்று முடிந்தால் பக்கத்தது, அப்படியே வட்டமாக. தணிகாசலம் மிதித்த நட்டு ரோட்டில் கழன்றது என்று ஒருவனும் சொன்னதில்லை. ஒருவனும்!

தொண்ணூறுகளின் தொடக்கம். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வைத்த சின்னக் கார்கள் பெருகிவந்தன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் கட்டை வந்து அதைப் பிடிக்கும். தட்டு மயிரிழை கோணினாலும் போச்சு. பெடல் உதறும், ஸ்டீரிங் ஆடும்.

தேய்ந்த டிஸ்க்குக்கு மாற்று வேண்டும். கம்பெனி டிஸ்க் என்றால் மவுண்ட் ரோடு போய்க் காத்துக் கிடக்க வேண்டும். சேவியர் வார்ப்பு வாங்கிவந்து தானே கடைவான். அவனுடையதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கயிற்றில் தொங்கவிட்டு சுத்தியால் தட்டுவேன். மாதா கோயில் மணி போல் நின்று ஒலிக்கும். நகத்தை ஓட்டினால் கண்ணாடி. நல்ல கை. மற்ற மெக்கானிக்குகளும் என் பேச்சைக் கேட்டே அவனிடம் வாங்கினார்கள்.

பிறகு வண்டிகள் திரும்பி வந்தன...

"அண்ணாத்தே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பிரேக்க மிதிச்சா ஸ்டீரிங் டான்ஸ் ஆடுது," என்றான் மாணிக்கம். "பின்னாடி பொண்ணும் மாப்ளயும் குந்திகினு கீறாங்க. நான் இன்னாமோ சரக்கடிச்ச மாரி மொறைக்கிறாங்க!"

கட்டையை மாற்றிப் பார்த்தேன். பேரிங்கைப் பார்த்தேன். எல்லாம் சரி. மிச்சம் இருந்தது டிஸ்க். என் வேலையை நான் சந்தேகப்படவில்லை. எதற்குப் படவேண்டும்?

சேவியரை வரச் சொன்னேன். காதர் பாயும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"இன்னா நைனா," என்றார் பாய், "டிஸ்க் கேட்டா தோசக்கல்லு குட்துகீற?"

மாணிக்கம் சிரித்தான். நானும் சிரித்தேன்.

சேவியர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "லேத்துல நேராத்தாண்ணே ஓட்ச்சு."

"ரோட்ல ஓடலயே. உன் கை போச்சுடா, சேவியரு."

இதைத்தான் சொன்னேன். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க. அவன் சண்டை போட்டிருக்கலாம். தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நீ சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்," என்றான். அன்றைக்கே வேறு டிஸ்க் கொண்டுவந்தான். நான் மாட்டினேன். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தேன்.

அதுவும் ஆடியது. அதற்கடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் வாய் பேசாமல் மாற்று கொடுத்தான். கழித்ததையெல்லாம் பெஞ்சுக்கு அடியில் எறிந்தேன். நான் கழித்தது தெரிந்ததும் மற்றவர்களும் அவனிடம் வாங்குவதை நிறுத்தினார்கள். சேவியர் லேத்தை விற்றான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். கடைசல் வேலைக்கே கூப்பிட்டார்களாம். 'கை போயிடுச்சு' என்று சொல்லி, பெட்டி கட்டும் பிரிவுக்குப் போனானாம்...

அதன்பின் நான் கம்பெனி டிஸ்க்தான் மாட்டினேன். அதிலும் சில ஆடின. ரோட்டைக் குறை சொன்னேன்.

ஒரு நாள் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து செல்லையா என்பவர் சொந்தக் காரைக் கொண்டுவந்தார். பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிக்காரர். நான் ஸ்பேனர் மேல் ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணாச்சி, நட்ட இறுக்குதீயளா, நசுக்குதீயளா?"

பையிலிருந்து ஒரு டயல் எடுத்தார். கோணலைக் காட்டும் முள் வைத்தது. சக்கரத்தைக் கழற்றாமல், உள்பக்கமாக டிஸ்க்கில் அதை வைத்துச் சுற்றினார். புத்தம்புது கம்பெனி டிஸ்க். முள் ஆடியது! நட்டுகளைத் தளர்த்தினார். கையாலேயே, எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். மறுபடி சுற்றினார்.

முள் நின்றது.

"தட்டு நல்ல தட்டுதான் அண்ணாச்சி. ஒங்க மிதிதான் வளைக்கி. தளத்திட்டா நேரே ஆயிரும்."

பழைய வண்டிகளில் டிஸ்க்குக்குப் பதில் இருந்த தடித்த இரும்பு டிரம் என் மிதியைத் தாங்கியது. நட்டோடு சேர்ந்து இறுகும் இந்த மெல்லிய தட்டு தாங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். நான் "ஓ" என்றேன்.

அந்த வாரமே பெஞ்சுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் சாக்கில் கட்டி, தெரிந்த ஒருவரின் லேத்துக்குக் கொண்டுபோனேன். துரு துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டி ஓட விட்டேன். எல்லாம் நேர். ஒன்றுகூடக் கோணவில்லை. என்ன கை அது!

மேனாம்பேட்டுக்குப் போனேன். அவன் தெருமுனை வரை போனேன்... திரும்பிவிட்டேன். பயமா? அடிக்கு நான் பயந்தவன் அல்ல. பெயர். 'பிரேக்கு தணிகாசலம்' என்ற பெயர்.

அன்றிலிருந்து நட்டைக் கையால்தான் இறுக்குகிறேன், எதிரும் புதிருமாக. நான் பார்த்த வண்டி ஒன்றும் ஆட்டம் என்று திரும்பி வந்ததில்லை. பெயர் இரண்டு மடங்கானது. இந்த ரோட்டில் என்னைப் போல் டிஸ்க் வேலை செய்பவன் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நெஞ்சு நிமிர்கிறது... அந்தச் சாக்கு கண்ணில் படும் வரை. அதை நான் தூக்கி எறியவில்லை. கிரீஸ் தடவி, அதே பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சேவியர் என்மேல் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, பட்டறைக்கு வந்து டீ குடிப்பான். அந்த பெஞ்சில்தான் உட்காருவான். போன மாதம் வந்தபோது கேட்டான்.

"ஏண்ணே, நான் கடைஞ்சதுல மொத்தமா எத்தினிதான் கோணலாப் பூட்ச்சு?"

ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். நாக்கு வரை வந்தது. அவன் காலுக்குப் பின்னால் சாக்கு இருந்தது. அதில் எத்தனை இருக்கிறதோ அதையே சொன்னேன்.

பதினேழு.