இரண்டு சின்ன ஹாரன்

சாப்பாட்டுக் கடையில் உட்காரும் முன்பும் அவள் ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் பார்த்துக்கொள்வாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்பாள். கூட வந்தவர்கள், "ஏறியாச்சு தாயே, வண்டிய எடு" என்றால்தான் அவள் கை சாப்பாட்டுத் தட்டின் பக்கம் போகும்.

பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தோழிகள் வைத்த பெயர் பிரேக்கு. பேச்சில் யாராவது அவசரப்பட்டால் போதும், மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். இதைக் கண்டுபிடித்துத் தெருவெல்லாம் பரப்பியவள் தையற்காரி. "இதுக்கெல்லாம் மாத்திரை கெடையாதுடி" என்று கைவிரித்தவள் மருந்துக்கடைக்காரி. மூவருக்கும் ஒரே மாடிக்குடியிருப்பு, ஏறக்குறைய ஒரே வயது, வாய் மட்டும் ஆளுக்கு இரண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அவள் வேலை முடிந்து வந்த பிறகு, வெளியே போய்ச் சாப்பிடுவார்கள். இந்த முறை இடத்தைச் சொன்னவள் பிரேக்கு. நகரத்தின் மறுகோடியில், அவள் பேருந்து தினமும் போகும் தெரு. அங்கே ஒரு சிக்னல், சிவப்பு விழுந்தால் நாற்பது விநாடி. சிக்னலுக்கு நேரே மீன் வறுக்கும் கடை. என்றோ ஒரு மாலை, வழியை அடைத்து நின்ற கைவண்டியைக் கடைக்காரர் தள்ளிவிட்டார். நன்றியாக இவள் இரண்டு சின்ன ஹாரன் அடித்தாள். அவர் ஜல்லிக்கரண்டியைத் தூக்கிக் காட்டினார். அன்று பிடித்த பழக்கம், அவளுடைய விடுமுறையான புதன்கிழமை தவிர ஒருநாளும் விட்டதில்லை. யாரிடம் என்ன வசவு வாங்கிக்கொண்டு வந்தாலும், அந்தக் கரண்டி உயர்ந்ததும் அவளுக்கு மனசு ஆறிவிடும்.

நாளை முதல் அவளுக்கு வேறு தடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பேசியே இராத மனிதரிடம் போய்வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு விடுப்பு.

ரயிலை விட்டு இறங்கினால் குறுக்குச் சந்தில் ஐந்து நிமிட நடை. அவளோ ஒருவழிப்பாதை முழுவதையும் சுற்றி நடத்திக் கூட்டிப்போனாள்.

"சந்து இருக்கேடி!" தையற்காரிக்கு மூச்சு வாங்கியது.

"அதுல பஸ் திரும்பாது."

"நாம என்ன பஸ்ஸா?"

அதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள் என்பதுதான் வேடிக்கை.

தெருவுக்குள் நுழைந்ததும் அவள் நடை தளர்ந்தது. பதினோரு வருடம் கண்ணாடிக்கு அப்பால், உயரத்திலிருந்து பார்த்த தெரு. கண்ணுக்கு நேராக இருந்த பெயர்ப்பலகைகள் எல்லாம் இப்போது தலைக்கு மேலே போய்விட்டன. மாடிச் சுவரில் தினமும் தூங்கும் பூனையைத் தேடினாள், கீழே இருந்து வால்நுனிதான் தெரிந்தது. சாயங்கால வெயில் எண்ணெய்ப் புகையில் மஞ்சளாகக் கரைந்து மிதந்தது. யாரோ சிரித்தார்கள். எங்கிருந்தோ பூண்டு வாசனை. இந்தத் தெருவுக்கு வாசனை உண்டென்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது! கனவில் வரும் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் போல மெல்ல நடந்தாள்.

கடைக்காரரை நெட்டை என்று நினைத்திருந்தாள். பார்த்தால், குள்ளமான மனிதர் ஒரு மரப்பலகை மேல் நின்று வறுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரா? வாங்கம்மா, உக்காருங்க" என்றவர், எல்லாரையும் பார்ப்பதுபோல அவளையும் பார்த்தார். வெளியே நின்று பார்த்தால் வானமும் மரமும் மட்டுமே தெரியும் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகம் அவருக்கு எப்படித் தெரியும்? நியாயம்தான். ஆனாலும் அவளுக்கு வலித்தது.

"போய்ச் சொல்லேன்டி." மருந்துக்கடைக்காரி முழங்கையால் இடித்தாள்.

"என்னன்னு சொல்ல? அந்த ஹாரன் நான்தான்னா?"

ஐம்பது பேரை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளுகிறவள், வண்டியை விட்டு இறங்கிவிட்டால் பெட்டிப்பாம்பு. மொறுமொறுவென்று மீன் வந்தது. தோழிகள் முள்ளைக்கூட விடவில்லை. இவள் ஒரே துண்டைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு சிக்னலையே பார்த்திருந்தாள்.

ஆறு மணிக்கு அவளுடைய பேருந்து வந்தது, வேறொருவர் கையில். சிவப்பு விழுந்தது. கடைக்காரர் பலகையை விட்டு இறங்கி வாசலுக்கு வந்தார். கரண்டி தோள்வரை உயர்ந்து காத்திருந்தது. நாற்பது விநாடி. பச்சை விழுந்தது, பேருந்து பேசாமல் போய்விட்டது.

"இன்னைக்குப் புதன்கூட இல்லையே," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அந்த டிரைவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ."

மேசைக்கு அடியில் அவள் வலது கால் தரையை அழுத்தியது. அப்புறம் மெல்ல விட்டது. தோழிகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவள் இரண்டு கையையும் மேசைமேல் அகலமாக ஊன்றி, கன்னத்தை உப்பிக்கொண்டு, கடைக்கே கேட்கும்படி அடித்தாள்:

"பாம்... பாம்."

கடைக்காரர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தது போலவே இருந்த கைகளைப் பார்த்தார். பிறகு குதிகாலை உயர்த்தி, எண்ணெய் முழங்கை வழியே வழிவதைக்கூடக் கவனிக்காமல், பாதியில் நின்ற கரண்டியைத் தலைக்கு மேலே எட்டும் மட்டும் தூக்கினார்.