தூரம் நிற்கவில்லை

தொண்ணூறுகளின் கடைசியில், குடும்ப மருத்துவம் படித்துக்கொண்டிருந்த என்னை விளாங்குடி தாண்டி ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம் என்றாலும், தமிழில் எனக்குத் தெரியாத சொல்லே இல்லை என்ற நினைப்பு.

ஒருநாள் களையெடுத்த சேற்றுக் காலோடு வந்த ஓர் அக்கா குரலைத் தாழ்த்தி, "இருவது நாளா தூரம் நிக்கவே மாட்டேங்குது சார். அம்புட்டு அசதி" என்றார்.

பாவம், தினமும் எங்கேயோ நெடுந்தூரம் நடக்கிறார் போல என்று நினைத்தேன். "இனிமே நடக்காதீங்கக்கா, பஸ்ல போங்க" என்று அறிவுரை வழங்கி, சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். ஏன் குழம்புகிறார் என்று நானும் குழம்பினேன்.

வாசலில் நர்ஸிடம் அவர் கேட்டது காதில் விழுந்தது. "பஸ்ல போனா நின்னுருமாக்கா?"

நர்ஸ் அவருடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது.

"சார், தூரம்னா மாதவிலக்கு. இருவது நாளா ரத்தம் போயிக்கிட்டு இருக்கு."

உடனே மதுரைக்கு அனுப்பினோம். அங்கே ரத்தம் ஏற்றினார்கள்; பிழைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் புரியாத சொல் வந்தால் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன். புரிந்துவிட்டதாக நினைக்கும் சொல்லை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.