வட்டி ஏறினால் வெங்காயம் இறங்கும்

வெங்காயம் மலிவாகும் என்று நம்பி, தன் வீட்டுக் கடனுக்கே வட்டி ஏற வேண்டுமென்று சாமி கும்பிட்ட ஆள் பெர்மாஸ் ஜெயாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மகளுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்தோம். விருந்து சமைக்க லாபிஸிலிருந்து ஒருவரைப் பிடித்திருந்தாள் மனைவி. இந்த வாரமே முன்பணம் கொடுத்தால் பழைய விலை, தள்ளிப்போட்டால் அன்றைய விலை என்றார் அவர். பணம் எடுக்க எழுந்தவளை நான் கைகாட்டி உட்கார வைத்தேன்.

கைப்பேசியில் பொருளாதாரம் படிக்கும் வியாதி அப்போது எனக்கு முற்றியிருந்தது. மத்திய வங்கி வட்டியை உயர்த்தப் போகிறது; உயர்த்தினால் நம் நாட்டுப் பணமான ரிங்கிட் பலம் பெறும்; இந்தியாவிலிருந்து வரும் வெங்காயமும் பருப்பும் மலியும். தேநீர் ஆறிப்போகும்வரை சமையல்காரருக்கு இதை விளக்கினேன்.

"கடைக்காரன் சொல்றதுதாண்ணே எனக்கு விலை," என்றார்.

பாவம் என்று பார்த்தேன். பொறுத்தால் பாயசத்தோடு ஐஸ்கிரீமும் போடலாம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன்.

வட்டி ஏறியது. ரிங்கிட்டும் லேசாக நிமிர்ந்தது. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெங்காயம் மட்டும் அசையவில்லை. அசைந்தபோது மேலே போனது. கடைக்காரரிடம் நியாயம் கேட்டேன். இருப்பதெல்லாம் ரிங்கிட் படுத்திருந்தபோது வாங்கிய சரக்காம். புதுச் சரக்கு வர, இந்தியாவில் மழை விட வேண்டுமாம். மழையைப் பற்றி என் கைப்பேசி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வங்கியின் குறுஞ்செய்தி மட்டும் எந்த மழைக்கும் காத்திருக்கவில்லை. வீட்டுக் கடன் தவணை உயர்ந்துவிட்டது. விருந்துப் பணத்தில் ஒரு பங்கு அங்கே போனது.

ஐஸ்கிரீம் முதலில் விழுந்தது. பாயசமும் ஆட்டம் கண்டது. பாயசம் இல்லாமல் பரிசம் போட்டால் சம்பந்தி வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? மனைவிதான் சமையல்காரரிடம் பேசிப் பாயசத்தைக் காப்பாற்றினாள். காய் நறுக்க அவர் கூலிக்கு ஆள் கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே ஓர் ஆள் சும்மா இருக்கிறது என்று.

பரிசத்தன்று காலை, மண்டபத்தின் பின்கட்டில், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காய மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கதவு வழியே எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பாவுக்கு என் கண்கள் மட்டும்தான் தெரிந்தன போலும். மகளைப் பிரியும் துக்கமென்று நினைத்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு மனைவி வந்தாள். மத்திய வங்கியின் அடுத்த கூட்டத்தில் வட்டியைக் குறைத்தாலும் குறைப்பார்கள், அதனால் கல்யாணச் சமையலுக்கு முன்பணம் கொடுக்குமுன் கொஞ்சம் பொறுத்து... என்று ஆரம்பித்தேன்.

"பேசாம உரிங்க."